பறப்பதற்கான கடதாசிகள்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நாங்களும் அப்படித்தான் ஆயத்தமாகி வந்தோம். ஆனால் சங்கச் செயலாளர், "அதெல்லாம் கிளினிக்கில் கேட்டுக்கொள்வோம். நீங்கள் இருவரும் ஏதோ சின்ன விமானம் ஓட்டுகிறீர்களாமே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார். மறுக்க முடியவில்லை. அவர் எங்களுக்கு மூத்த மாணவத் தலைவியாக இருந்தவர்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த உரையில் 'நாங்கள்' என்று வருவது இரண்டு பேர். ஸ்பிரிங்வெளியில் அடுத்தடுத்த லயங்களில் பிறந்து, ஒரே பஸ்ஸில் பதுளைக்கு வந்து, இந்த மண்டபத்தில் ஒரே வாங்கில் இருந்து உயர்தரம் எழுதிய இருவர். ஒருவர் வைத்தியர், இங்கிலாந்தில் மகப்பேற்றுப் பிரிவில் வேலை செய்கிறார். மற்றவர் கணக்காளர், அவரும் அங்கேதான். மேடையில் நிற்பது வைத்தியர். மற்றவர் உங்கள் நடுவில் இருக்கிறார். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். ஆகவே பெயரில்லை.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது விமானம் என்பது நமுனுகுலவுக்கு மேலே வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போகும் ஒரு புள்ளி. தியத்தலாவைப் பக்கமிருந்து எப்போதாவது ஹெலிகொப்டர் வந்தால் பிள்ளைக்காம்பராவில் உள்ள குழந்தைகள் எல்லாம் கத்தும். அதில் ஏறும் எண்ணம் ஒருவருக்கும் வந்ததில்லை. நாற்பதை எட்டிப் பார்க்கும் வயதில், ஒரு பனிக்கால ஞாயிற்றுக்கிழமை, சமைக்கச் சலிப்பாக இருக்கிறது என்று காரில் சுற்றப் போன இடத்தில் ஒரு புல்வெளி விமானத் திடலைக் கண்டோம். தேநீர்க் கடையும் இருந்தது. தேநீர் மோசம், விமானங்கள் அழகாக இருந்தன. இப்படித்தான் தொடங்கியது.

அங்கே இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, தனியார் விமானி அனுமதிப்பத்திரம். சுருக்கமாக பீ.பீ.எல். என்பார்கள். செஸ்னா போன்ற நான்கு சக்கர வண்டி மாதிரியான சிறு விமானங்களை அதை வைத்து ஓட்டலாம். மற்றது மைக்ரோலைட் அனுமதிப்பத்திரம். மைக்ரோலைட் என்பது அதைவிடவும் இலேசான ஊர்தி. பார்த்தால் சிலது சின்ன விமானம் போலவே இருக்கும். சிலது ஒரு பெரிய பட்டத்துக்குக் கீழே மூன்று சக்கர நாற்காலி ஒன்றைத் தொங்கவிட்டு, பின்னால் விசிறி பூட்டினது போல இருக்கும். கணக்காளர் தனது இயல்புக்கு மாறாகச் செலவு கூடிய பாதையைத் தேர்ந்து செஸ்னாவில் ஏறினார். வைத்தியர் பட்டத்தில் தொங்கப் போனார்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1944இல் சிக்காகோவில் நாடுகள் கூடி சிவில் விமானப் போக்குவரத்துக்கு ஓர் உடன்படிக்கை செய்தன. இலங்கை 1948இல் அதில் சேர்ந்தது. அந்த உடன்படிக்கையின் முதலாவது இணைப்பு, விமானிகளின் அனுமதிப்பத்திரங்களுக்கு ஒரு பொது அளவு வைத்திருக்கிறது. தனியார் விமானிக்குக் குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பு அனுபவம் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் அது 45. இந்தப் பொது அளவின்படி கொடுக்கப்பட்ட கடதாசியை மற்ற நாடுகள் ஏதோ ஒரு வகையில் மதிக்கும். சரிபார்த்து, தமது முத்திரையும் குத்தி, பறக்க விடும். மைக்ரோலைட்டுக்கு அந்த இணைப்பில் இடமில்லை. அது ஒவ்வொரு நாடும் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட சட்டம். பிரித்தானியாவில் நாங்கள் படித்தபோது 25 மணித்தியாலம், அதில் 10 தனியாக. பரீட்சைகள் ஐந்து. பீ.பீ.எல்.லுக்கு ஒன்பது.

ஒன்று கடவுச்சீட்டு, மற்றது அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை பொய்யானது அல்ல. வீட்டுக்குள் அதற்கு முழு மரியாதை உண்டு. எல்லையில் அது செல்லாது.

இந்த உவமை எங்களுக்குச் சட்டென்று வந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் இருவரின் ஆச்சிமாரிடமும் அடையாள அட்டையும் இருக்கவில்லை, கடவுச்சீட்டும் இருக்கவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் என்று எங்கள் வீடுகளில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கடதாசிதான் இருந்தது. எந்தக் கடதாசி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதில் தோட்டத்துப் பிள்ளைக்குப் பாடம் நடத்தத் தேவையில்லை. வைத்தியரும் அந்த வழியில் போனவர்தான். இங்கே எம்.பீ.பீ.எஸ். முடித்து, உள்ளகப் பயிற்சியும் முடித்து, இரவுக் கடமையில் தனியாகப் பிரசவம் பார்த்தவர், இங்கிலாந்தில் பிளாப் பரீட்சை எழுதி, நோயாளியாக நடிக்கும் ஒருவரிடம் "உங்கள் கையைத் தொடலாமா" என்று கேட்டுக் காட்டிய பிறகுதான் பதிவு கிடைத்தது. அப்போது கோபம் வந்தது. பறக்கப் போன பிறகு அந்தக் கோபம் கொஞ்சம் குறைந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

மைக்ரோலைட் என்றால் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். 1998இல் பிரையன் மில்டன் என்ற ஆங்கிலேயர், பட்டத்தில் தொங்கும் அந்த வகை ஊர்தியில் 120 நாட்களில் உலகைச் சுற்றினார். 2007இல் இந்திய விமானப்படையின் ராகுல் மோங்காவும் அனில் குமாரும் மைக்ரோலைட்டில் 79 நாட்களில் சுற்றி முடித்தார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் கேட்க வேண்டிய பெயர்கள் வேறு இரண்டு. மும்பாயைச் சேர்ந்த ஆரோஹி பண்டித், 2019 மே மாதம், 23 வயதில், இலேசுரக விமானம் ஒன்றில் ஸ்கொட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்து வழியாகக் கனடாவுக்குத் தனியாகப் போனார். அட்லாண்டிக்கை அப்படிக் கடந்த முதல் பெண் அவர். பெல்ஜியத்தின் சாரா ரதர்போர்ட், 19 வயதில், 2021 ஓகஸ்டில் புறப்பட்டு 2022 ஜனவரியில் வீடு திரும்பினார். சைபீரியாவின் ஒரு மூலையில் வாரக்கணக்காகக் காலநிலைக்குக் காத்திருந்தார். தென்கிழக்காசியா வழியாக வந்து, இலங்கையில் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூருக்கும் மும்பாய்க்கும் போனார். இந்த நாட்டுக்கு வந்த அந்தச் சின்ன விமானத்தைப் பற்றி எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பது எங்களுக்கு மனக்குறை.

இரத்மலானை விமான நிலையத்தில் முதன்முதலில் இறங்கியதும் ஒரு சின்ன விமானம்தான். 27 நவம்பர் 1935. மதராஸ் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த 'புஸ் மொத்'. எங்கள் பூட்டன்மார் மண்டபம் முகாமிலிருந்து கப்பலேறி வந்த அதே கடலுக்கு மேலே.

இனி நிறையைப் பற்றி. நாங்கள் படித்தபோது, இருவர் அமரும் மைக்ரோலைட்டின் உச்ச எடை, ஆள், எண்ணெய், பை எல்லாம் சேர்த்து 450 கிலோ. 2021இல்தான் பிரித்தானியாவில் அதை 600 ஆக உயர்த்தினார்கள். 450ஐக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெறும் ஊர்தி 265 கிலோ என்றால் மிச்சம் 185. ஆளுக்கு 75 கிலோவாக இருவர் ஏறினால் 150 போய்விடும். மிச்சம் 35 கிலோதான் எண்ணெய்க்கு. பெற்றோல் லீட்டர் ஒன்று ஏறக்குறைய 720 கிராம் என்றபடியால், 48 லீட்டர். அந்த இயந்திரம் மணிக்கு 15 லீட்டர் குடித்தால் மூன்று மணித்தியாலம். கடைசி அரை மணித்தியாலத்தைத் தொடக்கூடாது. இருவரும் ஆளுக்கு 85 கிலோ என்றால் 20 லீட்டர்தான் ஏற்றலாம். அது மூக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரத்தான் காணும்.

எல்லோரும் தங்கள் எடையைக் குறைத்தே சொல்வார்கள். இதில் ஆணும் பெண்ணும் ஒன்றுதான். எழுபது என்பவர் எழுபத்தெட்டு இருப்பார். ஆகவே நாங்கள் திடலில் ஒரு குளியலறைத் தராசு வைத்திருக்கிறோம். ஏறுகிறவர் சப்பாத்தோடு அதில் ஏற வேண்டும். எங்கள் அம்மாமார் மூன்று நேரம் கொழுந்து நிறுக்க வரிசையில் நின்றவர்கள். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்ததை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிக் குமுறியவர்கள். தராசில் பொய் வந்தால் யாராவது ஒருவர் அதற்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்களுக்கு அங்கேயே தெரியும்.

கையின் கதைக்கு வருவோம். இதற்காகத்தான் இந்தப் பேச்சுக்கே ஒப்புக்கொண்டோம்.

செஸ்னாவில் பிடியைத் தன் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே போகும். முன்னே தள்ளினால் கீழே போகும். இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் சாயும். குழந்தைக்கும் புரியும். பட்டத்தில் தொங்கும் மைக்ரோலைட்டில் எல்லாம் எதிர். உங்கள் முன்னால் ஒரு குறுக்குக் கம்பி. அது சிறகோடு பூட்டியது. கம்பியை முன்னே தள்ளினால் உங்கள் உடம்பு பின்னால் போகிறது, சிறகின் மூக்கு உயர்கிறது, வேகம் குறைகிறது. இழுத்தால் மூக்கு தாழ்ந்து வேகம் கூடுகிறது. இடப்பக்கம் போக வேண்டுமானால் கம்பியை வலப்பக்கம் தள்ள வேண்டும். தரையிலும் அப்படித்தான். முன்சக்கரத்தில் கால் வைத்து ஓட்டும்போது, வலக்காலை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். செஸ்னாவில் வலக்கால் என்றால் வலப்பக்கம்.

கணக்காளர் செஸ்னாவில் நூறு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டியவர். அவர் பட்டத்துக்கு மாறினபோது, சட்டம் அவரிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பீ.பீ.எல். உள்ளவர் ஒரு மைக்ரோலைட் பயிற்றுநரிடம் வித்தியாசப் பயிற்சி பெற வேண்டும். இவர் தனியாக ஓட்டலாம் என்று திருப்திப்பட்டால் பயிற்றுநர் பறப்புக் குறிப்பேட்டில் கையெழுத்து வைப்பார். இத்தனை மணித்தியாலம் என்று கட்டாயம் கிடையாது. திறமைசாலிக்கு ஒரு நாள் போதும் என்று அவரே நினைத்தார். மேலே போகும்வரை எல்லாம் சரியாகவே நடந்தது. யோசித்துச் செய்ய நேரம் இருந்தது. இறங்கும்போதுதான் யோசிக்க நேரமில்லை. தரை மேலெழுந்து வருகிறது. நூறு மணித்தியாலமாகப் பழகிய கை, மூக்கைத் தூக்க வேண்டும் என்று தன்பாட்டில் இழுத்தது. பட்டத்தில் இழுத்தால் என்ன நடக்கும் என்று சொன்னோமே. பின்னாசனத்திலிருந்த பயிற்றுநர் கம்பியைப் பிடித்து முன்னே தள்ளினார். ஊர்தி ஒரு முறை தரையில் அடித்து எழும்பி மறுபடி இறங்கியது. யாரும் கத்தவில்லை. இயந்திரத்தை நிறுத்திய பிறகு பயிற்றுநர், "நாளைக்கும் வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். பதினொரு நாள் போனார். கடைசியில் கையெழுத்துக் கிடைத்தது.

வைத்தியரின் கதை இதற்கு எதிர். வயிற்றில் சிறு துளைகளிட்டு, கமரா விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சையில், கருவி தோலில் ஊன்றித் திரும்புவதால், கை இடப்பக்கம் போனால் உள்ளே நுனி வலப்பக்கம் போகும். இளம் வைத்தியர்களை இது மாதக்கணக்கில் திண்டாட வைக்கும். அதில் பழகிய கைக்குப் பட்டம் சுகமாக இருந்தது. ஆனால் வைத்தியர் பீ.பீ.எல்.லுக்கு மாறப் போனபோது, எல்லாம் நேராக இருந்ததே பெரிய தொல்லையாகிவிட்டது. அதற்கும் மேலே, மைக்ரோலைட்டில் ஓட்டிய மணித்தியாலங்களில் ஒரு சிறு பகுதியைத்தான் கணக்கில் எடுத்தார்கள். பரீட்சைகளை மறுபடி எழுத வேண்டியிருந்தது. பிளாப் எழுதின காலத்துக் கோபம் திரும்ப வந்தது. ஆனால் கூட்டாளி தரையில் அடித்ததைப் பார்த்திருந்தபடியால் வாயை மூடிக்கொண்டு எழுதினார். தெரிந்ததை விட, பழகியதுதான் கைக்கு முந்தி வரும். ஒரு நாட்டு வைத்தியசாலையில் பழகிய கை இன்னொரு நாட்டு வைத்தியசாலையில் எந்த மருந்தை எந்த அளவில் எடுக்கும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கலாம், அது வேறு விஷயம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கனமான விமானத்தில் இயந்திரம் நின்றால் அது தன் வேகத்தை உடனே இழக்காது. ஓட்டுபவர் திகைத்து முழிக்க ஓரிரு செக்கன் கிடைக்கும். மைக்ரோலைட்டுக்கு அந்தத் தயவு இல்லை. கனம் குறைவு, காற்றின் இழுவை கூட. மேலேறும்போது இயந்திரம் நின்றால் அந்தக் கணமே மூக்கைத் தாழ்த்த வேண்டும். பெரிய விமானத்திலிருந்து 'கீழே' இறங்கி வருபவர்கள் என்று இவர்களைச் சொல்வது தவறு என்பது எங்கள் அபிப்பிராயம்.

குளிரையும் சொல்லியாக வேண்டும். திறந்த ஊர்தி. அதிகாலையில் உடுப்புக்கு மேல் உடுப்புப் போட்டு, தலையில் கவசம் மாட்டி, கழுத்தைத் துணியால் சுற்றி நிற்கும்போது, கணக்காளர் கேட்டார்: "ஏய், பெரட்டுக்குப் போற மாதிரி இல்ல?" படங்கு ஒன்றுதான் குறை.

இப்போது, கணக்காளர் ஏன் மாறினார் என்ற கதை. இதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியாயிற்று.

ஒரு காலை சமையலறையில் அவர் விழுந்துவிட்டார். கணவர் ஓடிவந்து பார்க்கும்போது நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டார். அடுத்த சனிக்கிழமை செஸ்னாவில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. வைத்தியருக்குத் தொலைபேசி வந்தது.

"வெறும் வயித்துல நின்னுட்டேன். அதான்."

"வெறும் வயித்துல நூறு நாள் நின்னிருக்க. அன்னைக்கு மட்டும் ஏன் விழுந்த?"

2016இலிருந்து பிரித்தானியாவில் தனியார் விமானிகள் பலருக்கு ஒரு சலுகை வந்தது. விமான வைத்தியரிடம் போகாமல், கார் ஓட்டத் தகுதியான உடல்நிலை எனக்கு உண்டு என்று தாமே படிவத்தில் உறுதி கூறிப் பறக்கலாம். நல்ல ஏற்பாடு. வயதானவர்கள் பலர் அதனால் பறக்கிறார்கள். ஆனால் அந்தப் படிவத்தில் உங்களுக்கு எதிரே ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார். நீங்களும் பேனையும்தான். காரணம் தெரியாமல் நினைவிழந்தவர் காரே ஓட்டக்கூடாது. அப்படியென்றால் அந்தப் படிவத்தில் அவர் எழுதப்போவது பொய்.

கணக்காளர் சொன்னார், "நீ டொக்டர். பயப்பட ஒண்ணுமில்லன்னு ஒரு வரி எழுதித் தந்தா என்ன?"

வைத்தியர் எழுதவில்லை. கூட்டாளிக்கு வைத்தியம் பார்ப்பதே முறையில்லை, அதிலும் இது. அதற்கு மேலும் ஒன்று சொன்னார்: "சனிக்கிழமை நீ போனா திடலுக்கு நானே சொல்லுவேன்." இந்த வார்த்தையைச் சொன்ன பிறகு நாங்கள் இருவரும் நான்கு மாதம் பேசவில்லை. முதலாம் வகுப்பிலிருந்து அதுவரை நாங்கள் நான்கு நாள் பேசாமல் இருந்ததில்லை. தீபாவளிக்குக்கூடப் பேசவில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் தங்களுக்குள் தொலைபேசியில் பேசி, எந்த அம்மா இறங்கி வருவார் என்று பந்தயம் கட்டியதாகப் பிறகு தெரிந்தது.

அவர் சொந்த வைத்தியரிடம் போனார். ஈசீஜீ சரி. ஒரு நாள் முழுக்க மாட்டிய கருவியிலும் ஒன்றுமில்லை. பிறகு தோலுக்கடியில் ஒரு சிறு பதிவுக் கருவி வைத்தார்கள். ஏழாம் வாரம் அதில் தெரிந்தது: நடு இரவில், அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, இதயம் ஆறு செக்கன் நின்று மறுபடி தொடங்கியிருக்கிறது. ஆறு செக்கன் என்பது எவ்வளவு என்று பிள்ளைகள் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். விமானம் ஓடுபாதை விளிம்பைக் கடந்து சக்கரம் தரையைத் தொடும்வரை ஏறக்குறைய அவ்வளவுதான்.

பேஸ்மேக்கர் வைத்தார்கள். வைத்த அன்று மாலை தொலைபேசி வந்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கப்படவில்லை. "வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்கலாமா?" என்று கேட்டார். படுக்கலாம் என்று பதில் சொல்லப்பட்டது. அதோடு முடிந்தது.

அதன் பிறகு அவருக்குப் பல வழிகள் இருந்தன. இதய வைத்தியரின் கடிதங்களோடு விமான வைத்தியரிடம் போய் இரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்கு முயலலாம். நாற்பதுக்குக் கீழே அந்தச் சான்றிதழ் ஐந்து ஆண்டு செல்லும். நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இரண்டு ஆண்டு. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும். ஒவ்வொரு முறையும் பரிசோதனை, கடிதம், காசு. செஸ்னாவின் வாடகையும் ஏறிக்கொண்டே போனது. அவர் கணக்குப் பார்த்தார். அவர் தொழிலே அதுதானே. மைக்ரோலைட் ஒன்றில் ஐந்து பேரோடு பங்கு சேர்ந்தால் செலவு பாதிக்கும் கீழே. இந்த முறை உண்மையை எழுதி, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வைத்தார். வைத்தியர் அதே மாதத்தில் பீ.பீ.எல். முதற் பாடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். படிக்கட்டில் ஒருவர் ஏற ஒருவர் இறங்க நடுவில் சந்தித்தது போல.

வைத்தியர் ஏன் ஏறினார்? அடையாள அட்டை எல்லையில் செல்லாது என்றோமே, அதற்காக. ஸ்பிரிங்வெளியை ஒரு தடவை மேலிருந்து பார்க்க வேண்டும். பெக்டரியின் தகரக் கூரையை, ஆற்றை, அம்மா முப்பது வருஷம் கொழுந்தெடுத்த மலையை. அதற்கு இரத்மலானையில் மதிக்கப்படும் கடதாசி வேண்டும். பீ.பீ.எல். கையில் வந்தது. ஓர் ஓகஸ்டில் விடுமுறை எடுத்து, இருவரும் வந்தோம்.

உங்களுக்கு எல்லாம் இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். ஓகஸ்டில்!

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மத்திய மலைகளைத் தாண்டி, காய்ந்து சூடாகி ஊவாப் பக்கம் சரிந்து இறங்குகிறது. அதுதான் எங்கள் கச்சான். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அந்த வரண்ட காற்றுப் பட்டுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகம் காசு கொடுக்கும் அந்த மணம் வருகிறது. அதே காற்று ஒரு சின்ன விமானத்துக்கு எமன். மலைமுகட்டைத் தாண்டிய காற்று அடுத்த பக்கத்தில் கீழ்நோக்கி விழும், சுருண்டு புரளும். நிமிடத்துக்கு 500, 600 அடி ஏறக்கூடிய விமானத்தை அதைவிட வேகமாக அது கீழே அமுக்கும். நமுனுகுல 2036 மீற்றர். மலைநாட்டின் மேல் விமானம் தன் இடத்தைத் தவறாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏழு கன்னிமலை இருக்கிறது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி மார்ட்டினேர் நிறுவனத்தின் டீசீ-8 அங்கே மோதி 191 பேர் இறந்தார்கள். அது பெரிய விமானம், இரவு நேரம், காரணம் வேறு. ஆனாலும் மலை மலைதான்.

இரத்மலானையில் எங்களோடு வரவிருந்த பயிற்றுநர் காற்று அறிக்கையைப் பார்த்துவிட்டு, ஹப்புத்தளை இடைவெளி இன்றைக்குச் சரிவராது என்றார். மறுநாளும் அதையே சொன்னார். மூன்றாம் நாள் நாங்கள் கேட்கவே இல்லை. கரையோரமாகக் கொக்கலை வரை போய்த் திரும்பினோம். கடல் அழகாக இருந்தது. நாங்கள் கடலைப் பார்க்க வரவில்லை.

அன்றிரவு ஸ்பிரிங்வெளிக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது, அவர் பாக்கு வெட்டிக்கொண்டே, "கச்சான் அடிக்கயில மலைக்கு மேல யாரு வருவா? என்னைய கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். ஒன்பது பரீட்சையில் ஒன்று காலநிலை. அதில் வைத்தியருக்கு எண்பத்தெட்டுப் புள்ளி.

அடுத்த முயற்சி பெப்ரவரியில், விடிந்ததும், காற்று எழும்புமுன். அம்மா ஏறமாட்டார். கீழே நின்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். விமானம் எந்த நிறம் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமாம்.

பிள்ளைகள் சீட்டில் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு வேகமாகப் பதில். மூக்குக் கண்ணாடி போட்டால் விமானியாகலாமா? ஆகலாம்; எங்கள் இருவருக்கும் கண்ணாடி. கணிதம் எவ்வளவு வேண்டும்? சாதாரண தரத்து முக்கோண கணிதமும் சதவீதமும் போதும், ஆனால் அவை நித்திரையிலும் வர வேண்டும். ஆங்கிலம் வேண்டும், வானொலியில் அதுதான் பேச்சு. உயரம் குறைவென்றால்? முதுகுக்குப் பின்னால் தலையணை வைப்போம். இலங்கையில் பெண்களை எடுப்பார்களா? விமானப்படையில் முதல் இரண்டு பெண் விமானிகள் 2020இல் அதிகாரம் பெற்றார்கள். காசு? இதற்கு இலேசான பதில் இல்லை. எங்களுக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. பறக்கும் வேலைகளில் விமானி மட்டும் இல்லை; வான்வழிக் கட்டுப்பாட்டாளர், பொறியியலாளர், வானிலையாளர் என்று பலரும் உண்டு. அதையும் விசாரியுங்கள்.

எங்கள் இரண்டு பறப்புக் குறிப்பேடுகளும் வாசலருகே மேசையில் இருக்கின்றன. புரட்டிப் பார்க்கலாம். அந்தப் பதினொரு நாளும் அதில் உண்டு. கணக்காளர் பக்கத்தில் நிற்பார். கேட்டால் கம்பியை எப்படித் தள்ளுவது என்று ஒரு தும்புத்தடியை வைத்துச் செய்து காட்டுவார். ஸ்பிரிங்வெளி பஸ்ஸுக்குப் போகும் பிள்ளைகளுக்கு முதலில் இடம் விடுங்கள்.